கடலைக்குப் போடும் ஜிப்சமும் சுவருக்குப் பூசும் ஜிப்சமும்

மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் அறைச் சுவரை வைத்து வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பட்டுக்கோட்டையில் எங்களுடையது தாத்தா காலத்துச் செங்கல் வீடு. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து உதிர்கிறது. "பழசைக் கொத்திட்டு ஜிப்சம் பூசிடலாம் சார், ரெண்டு நாள்ல முடிஞ்சிரும், தண்ணி அடிக்கிற வேலையே இல்ல" என்றார் கொத்தனார். எனக்கும் ஆசைதான், லீவு மொத்தமே நாலு நாள். பக்கத்தில் இருந்த சித்தப்பாதான் கேட்டார்: "அது தண்ணியில கரையலேன்னா கடலைக்கு எதுக்குடா போடுறோம்?"

விஷயமே அதுதான். நிலக்கடலைக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறது. அதனால்தான் 40-45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். உப்பு, சர்க்கரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் காய்ந்து இறுகிய சுண்ணாம்பு கரைவது இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கடலைக்கு வரமாக இருக்கிற குணம், ஓதச் சுவரில் சாபம்.

ஜிப்சத்தின் வேகத்துக்கும் தண்ணீர்தான் காரணம். ஜிப்சம் என்பது தண்ணீரைத் தன் படிகத்துக்குள் பிடித்து வைத்திருக்கும் கால்சியம் சல்ஃபேட். 150 டிகிரி வாக்கில் சூடாக்கினால் அதில் முக்கால் பங்கு தண்ணீர் ஓடிவிடும். அந்தத் தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றினால், விட்டதைப் பிடித்துக்கொண்டு அரை மணியில் இறுகும். இறுகிய பிறகும் ஈரம் பட்டால் வலு குறையும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். மேலே ஓடு பறந்தது. கீழே கூடத்து ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் விடிவதற்குள் நனைந்த அப்பளமாகத் தரையில் கிடந்தது.

சரி, மாற்று என்ன? சிமெண்ட் பூசலாம் என்பார்கள். பழைய செங்கலுக்கு அது ரொம்பக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாது, மூன்றடியில் நின்ற ஓதம் ஐந்தடிக்கு ஏறும்.

நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்த விடை கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சூளையில் 900 டிகிரிக்குச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துப் பூசுவது. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெதுவாக மறுபடி கல்லாகிறது. மல்லிப்பட்டினம் பக்கத்தில், நெப்போலியன் வீழ்ச்சியின் நினைவாக இரண்டாம் சரபோஜி 1814 வாக்கில் கட்டிய மனோராவைப் பாருங்கள். செங்கலும் சுண்ணாம்பும்தான். அவ்வப்போது பழுது பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் உப்புக்காற்றில் இருநூறு வருஷம்! ஒன்று சொல்லிவிடுகிறேன்: சுண்ணாம்பு ஓதத்தை நிறுத்தாது. ஏறுகிற ஈரத்தைக் காய விடும், அவ்வளவுதான்.

அதன் மெதுவைக் குறைக்க டெல்டாவிலேயே ஒரு சரக்கு இருக்கிறது: உமிச்சாம்பல். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி, அதை எரித்தால் 4 கிலோ சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. நன்றாக அரைத்துச் சேர்த்தால் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமெண்டில் உருவாகிறதே, அதே வகைப் பிணைப்பைக் கொடுக்கும். ஆனால் ரைஸ்மில் பாய்லரில் அள்ளியதெல்லாம் ஆகாது. அதிக சூட்டில் எரிந்தால் சிலிக்கா படிகமாகிச் சோம்பேறியாகிவிடும், சரியாக எரியாததில் கரி மிஞ்சும்.

கூரைக்கு ஃபைபர் சிமெண்ட் பலகை, கால்சியம் சிலிகேட் பலகை என்று கிடைக்கின்றன. நனைந்தாலும் ஜிப்சம் மாதிரி குழையாது. விலையும் எடையும் கூடுதல். கூடத்துக்கு முதல் வகையைப் போட்டோம்.

ஜிப்சத்தை ஒரேயடியாகத் திட்டவும் மனசில்லை. தயாரிக்கச் சூடு குறைவு. தீப்பிடித்தால் உள்ளே பிடித்த தண்ணீரை ஆவியாக விட்டுத் தீயைத் தாமதப்படுத்தும். என் சென்னை ஃப்ளாட்டின் ஆறாவது மாடிச் சுவரில் அதுதான், ஒரு குறையும் இல்லை.

அம்மா அறைக்கு மூன்றடி உயரம் வரை சுண்ணாம்பு என்று முடிவானது. சாம்பல் வேண்டாம் என்று கொத்தனார் கறாராகச் சொல்லிவிட்டார். கடுக்காயும் வெல்லமும் போதுமாம். சுண்ணாம்பு இப்போது டிரம்மில் ஊறுகிறது. பூசிக் காய்ந்து வெள்ளையடிக்க மாசி ஆகிவிடும். அதுவரை அம்மாவுக்குக் கூடத்தில்தான் படுக்கை. போனில் தினமும் அதைத்தான் கேட்கிறார்.