‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றார்கள்... திருதிருவென விழித்தேன்!



எனக்கு வயது 58. இல்லத்தரசி. கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். ஒரே மகன் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறான். 83 வயது மாமியார் எங்களுடன் இருக்கிறார். ‘இதில் என்ன இருக்கிறது, எங்கள் வீட்டுக் கதையும் இதேதானே’ என்கிறீர்களா? அதேதான். ஆனால், இந்த நாலு வரியைச் சொல்லாமல் என்னை அறிமுகப்படுத்திக் கொள்ள வேண்டிய நிலை ஒரு நாள் வந்தது. அன்று நான் பட்ட பாட்டைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

எனக்குச் சின்ன வயதில் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. சாயங்காலம் திண்ணையில் பலகையை விரித்து விடுவார். அது நாட்டு முறை ஆட்டம். சிப்பாய் எப்போதுமே ஒரு கட்டம்தான் நகரும். எதிர்ப்பக்கக் கடைசிக் கட்டத்தை அடைந்த சிப்பாய், அந்த வரிசைக்கு உரிய காயாக மாறும். யானை வரிசை என்றால் யானை, குதிரை வரிசை என்றால் குதிரை. நான் வயசுக்கு வந்ததும், ‘பொம்பளைப் புள்ளைக்குத் திண்ணையில என்ன வேலை?’ என்று பாட்டி சொல்லி விட்டார். அதோடு ஆட்டமும் போச்சு.

1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் நம் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். எனக்குக் கல்யாணமான புதிது. ஆனந்துக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்ததே அவருடைய அம்மாதான் என்று பிற்பாடு பேப்பரில் படித்தேன். நானும் என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் எட்டாம் வகுப்பு போனதும் டியூஷன் வந்து விட்டது. பலகை பரணுக்குப் போய் விட்டது.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு பெயின்ட் அடித்திருந்தார்கள். வேட்டி சட்டை போட்ட ‘தம்பி’ குதிரை ஊரெங்கும் நின்றது. அந்தப் போட்டியில் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். நம் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் வாங்கியது. டி.வி.யில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கி விட்டது.

அடுத்த முறை ஊருக்கு வந்த மகன், என் போனில் லிசெஸ் என்ற ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தான். பிரான்சு நாட்டுக்காரர் ஒருவர் 2010-ல் ஆரம்பித்தது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம். சேர்ந்த உடனே 1500 புள்ளி போட்டார்கள். ‘பரவாயில்லையே, ஆடாமலேயே இவ்வளவு மார்க்கா!’ என்று சந்தோஷப்பட்டேன். புதிதாகச் சேரும் எல்லாருக்கும் அதுதான் கணக்காம். ஒரே வாரத்தில் 1100-க்கு வந்து விட்டேன்!

அப்போதுதான் ஒரு கூத்து நடந்தது. நான் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினேன். பக்கத்துக் கட்டத்தில் நின்ற எதிராளியின் சிப்பாய், என் சிப்பாய் தாண்டி வந்த கட்டத்தில் போய் உட்கார்ந்தது. என் சிப்பாயைக் காணோம்! போன் கெட்டு விட்டதா, எதிராளி ஏமாற்றுகிறாரா என்று ஒன்றும் புரியவில்லை. மகனுக்குப் போன் போட்டுச் சண்டையே பிடித்தேன். ‘அம்மா, அதுக்கு ஆன் பாஸன்னு பேரு. ரூலே அதுதான்’ என்று விழுந்து விழுந்து சிரித்தான். சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் தாண்டுவதே எங்கள் நாட்டு ஆட்டத்தில் கிடையாது. அப்புறம் இது எனக்கு எப்படித் தெரியும்?

‘தனியா ஆடினா இப்படித்தான். பெண்களே சேர்ந்து ஆடுற குழு ஒண்ணு இருக்கு, அதுல சேர்ந்துக்கோ’ என்றான். சேர்ந்தேன். வந்தது வம்பு! புதிதாக வருகிறவர் தன்னை அறிமுகம் செய்து கொள்ள வேண்டும். ஆனால் சொந்தப் பெயர், தெரு, போன் நம்பர், போட்டோ, கணவர் வேலை பார்க்கும் இடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எதையும் சொல்லக் கூடாது. முகம் தெரியாதவர்களும் வந்து போகிற இடம் என்பதால் பாதுகாப்புக்காக வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால், இதையெல்லாம் எடுத்து விட்டால் என்னைப் பற்றிச் சொல்ல மிச்சம் என்ன இருக்கிறது?

கல்யாண வீடுகளில், ‘இன்னார் சம்சாரம்’, ‘இன்னாரோட அம்மா’ என்று சொல்லியே பழகி விட்டோம் இல்லையா? ஐந்து நாள் ஒன்றும் எழுதாமல், மற்றவர்கள் எழுதியதை மட்டும் படித்துக் கொண்டிருந்தேன்.

ஒரு சகோதரி, ‘விடியற்காலை நாலரை மணி. பால்காரர் வருவதற்குள் ஒரு ஆட்டம். எனக்குப் பிடித்தது குதிரை. குறுக்கே யார் நின்றாலும் தாண்டிப் போய் விடும்’ என்று எழுதியிருந்தார்.

இன்னொருவர், ‘மகளைப் போட்டிகளுக்கு அழைத்துக் கொண்டு போவேன். டிபன் கேரியரோடு எட்டு வருஷம் ஹாலுக்கு வெளியே காத்திருந்தேன். உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்து கொள்ளவே ஆட்டம் கற்றுக் கொண்டேன். மகள் விட்டு விட்டாள். நான் ஆடிக் கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லியிருந்தார். பிரக்ஞானந்தா, வைஷாலி இருவரின் தாயார் நாகலட்சுமி ஊர் ஊராகப் பிள்ளைகளோடு போனதும், 2023-ல் பாகு நகரத்து உலகக் கோப்பைப் போட்டியில் அவர் மகனைப் பார்த்துப் பூரித்து நின்ற படம் பேப்பரில் வந்ததும் என் நினைவுக்கு வந்தது.

இரவு வேலை முடிந்து பஸ்சில் வரும்போது ஆடுகிறவர் ஒருவர். ‘அவர் போன பிறகு ராத்திரி தூக்கம் வருவதில்லை. யாராவது ஒருத்தர் எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது’ என்று எழுதியவர் ஒருவர். அதைப் படித்து விட்டு நான் வெகு நேரம் போனையே பார்த்துக் கொண்டிருந்தேன். ‘தோற்றால் அழுது விடுவேன். யாரும் கண்டுகொள்ளாதீர்கள். மறுநாள் வந்து விடுவேன்’ என்று எழுதியவரும் உண்டு.

ஆறாம் நாள் நானும் துணிந்து எழுதினேன். ‘திண்ணையில் அப்பாவிடம் கற்றவள். பல வருஷம் ஆடாமல் இருந்தவள். பிடித்த காய் சிப்பாய். ஆனால் அது இரண்டு கட்டம் தாண்டும் என்பது போன மாதம்தான் தெரியும்.’ எழுதி முடித்ததும் கை நடுங்கியது என்றால் நம்புவீர்களா? கணவர், பிள்ளை யாரும் இல்லாமல் என்னைப் பற்றி நான் எழுதிய முதல் வாக்கியங்கள் அவை.

இதோடு முடித்தால் நான் பெருமை பேசியதாக ஆகி விடும். என் தப்பையும் சொல்லி விடுகிறேன். பத்து நிமிட ஆட்டம் எனக்குப் பைத்தியமாகப் பிடித்துக் கொண்டது. ஒன்று தோற்றால், ‘அடுத்ததில் பிடித்து விடலாம்’ என்று தோன்றும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, குக்கர் விசில் எண்ண மறந்தது எல்லாம் நடந்தது. ஒரு நாள் மாமியாருக்கு ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டிய பிரஷர் மாத்திரையைக் கொடுக்கவே இல்லை. ராத்திரி அவர் தலை சுற்றுகிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு நினைவே வந்தது. டாக்டரிடம் அழைத்துக் கொண்டு ஓடினோம். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர், ‘ஏம்மா, அந்த போன்ல அப்படி என்னதான் இருக்கு?’ என்று கத்தினார். நான் பதில் பேசவில்லை. என் மீதுதானே தப்பு? ஆட்டத்தை அழித்து விடலாம் என்றே முடிவு செய்தேன். குழுவில் விடை சொல்லப் போனேன். மூத்த சகோதரி ஒருவர், ‘ஆட்டத்தை விட வேண்டாம், அவசரத்தை விடுங்கள்’ என்றார். ஒரு நகர்த்தலுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்துக் கொண்டு ஆடும் முறையும் அதில் இருக்கிறதாம். காலையில் ஒரு காயை நகர்த்தி விட்டு வேலையைப் பார்க்கலாம். எதிராளி எப்போது பதில் நகர்த்துகிறாரோ, அப்போது நாம் யோசித்தால் போதும். வீட்டு வேலை உள்ளவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து எனக்கு அதுதான்.

போனை ஒளிக்க வேண்டியதில்லை என்றானதும், மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் அவர், ‘என்னடி அது, கட்டமா இருக்கு? ஆடு புலி மாதிரியா?’ என்றார்.

‘உங்களுக்கு ஆடு புலி ஆட்டம் தெரியுமா அத்தை?’

‘தெரியுமாவா? கோயில் மண்டபத்துக் கல்லுல செதுக்கியிருப்பாங்க. பெரிய பசங்கதான் ஆடுவாங்க. நான் தூணோரமா நின்னு பாத்தே கத்துக்கிட்டேன். பன்னெண்டு வயசுல எங்கண்ணனை அடைச்சேன். அப்புறம் அவன் எங்கிட்ட ஆடவே மாட்டேன்னுட்டான்!’

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. 37 வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்கு ரசத்தில் எவ்வளவு உப்பு வேண்டும் என்று தெரியும். எந்த முழங்காலில் வலி என்று தெரியும். இது எனக்குத் தெரியாது! ‘ஏன் அத்தை, இத்தனை நாள் சொல்லவே இல்லை?’ என்றேன். ‘யாரு கேட்டா?’ என்றார்.

அன்றைக்கே தரையில் சாக்பீசால் கோடு போட்டோம். புலிக்கு மூன்று கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு போச்சு. எல்லாப் புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. நான் புலி. முதல் இரண்டு ஆட்டை வெட்டியதும், ‘பாவம், வயசானவங்க’ என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் என் மூன்று புலியும் மூலைக்கு மூலை மாட்டிக் கொண்டன. அந்த இரண்டு ஆட்டையும் வேண்டுமென்றே விட்டுக் கொடுத்தாராம்!

அன்றிரவு அவர் சொல்லச் சொல்ல, குழுவில் அவருடைய அறிமுகத்தை எழுதினேன். ‘வயசு எண்பத்து மூணு. செஸ்ஸு தெரியாது. ஆடு வெச்சுப் புலியை அடைப்பேன். ஒண்ணு ரெண்டு ஆடு போனா போவுதுன்னு விடத் தெரியணும். என் மருமவ இன்னும் கத்துக்கலை.’ மறுநாள் காலைக்குள் எத்தனை வணக்கங்கள் வந்தன தெரியுமா? ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இப்போது ஆறு மணி அடித்தால் என் கணவரே மாத்திரை டப்பாவோடு வந்து நிற்கிறார். ‘மாமியாரும் மருமகளும் கொஞ்சம் ஆட்டத்தை நிறுத்துறீங்களா?’ என்பார். குரலில் கோபம் இல்லை.

போனில் ஆட விரும்பும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. சொந்தப் பெயரும் போட்டோவும் போடாதீர்கள். பணம் கட்டி ஆடச் சொல்லும் எதன் பக்கமும் போகாதீர்கள். ஆட்டத்தை விட்டு வேறு பேச்சுப் பேசுகிறவரை அப்போதே தடுத்து விடுங்கள். அவசர ஆட்டம் வேண்டாம்; நிதான ஆட்டம் ஆடுங்கள்.

போனே வேண்டாம் என்கிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம், ‘சின்ன வயசுல என்ன ஆட்டம் ஆடுவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு விட்டு, புளியங்கொட்டையையும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

- ஒரு வாசகி, மன்னார்குடி.