போர் எத்தனை அடி போகலாம்?

போர் வண்டி வந்து நின்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். ‘இன்னும் நூறு அடி போங்க, கட்டாயம் தண்ணி வரும்’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லுவார். அடிக்கு இவ்வளவு என்று நம்ம பணமும் கூடவே இறங்கும்.

தரையிலிருந்து பூமியின் மையம் 6,370 கிலோமீட்டர். மேலே இருக்கிற கல் ஓடு நிலப்பகுதியில் 30, 40 கிலோமீட்டர் கனம். அதன் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் தகிக்கிற பாறை. அதற்கும் உள்ளே உருகின இரும்பு, நட்டநடுவில் கெட்டி இரும்பு. இவ்வளவு பெரிய உருண்டையிலே பயிருக்கு ஆகிற தண்ணீர் பெரும்பாலும் மேலே சில நூறு அடிக்குள்தான். அடியில் ஆறு ஓடுவதாகச் சொல்வார்கள். நம்ம பக்கத்தில் அப்படி ஆறு கிடையாது. மணலின் இடுக்கிலும் பாறையின் வெடிப்பிலும் தங்கின மழைத் தண்ணீர்தான்.

இதைப் புரிந்துகொள்ள சென்னையின் தென்பகுதியைப் பாருங்க. சில மைலுக்குள்ளே மூன்று வித நிலம்.

சாந்தோம், பெசன்ட் நகர் கடலோரம் மணல். கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர். கடல் பக்கத்திலேயே இருக்க, எப்படி நல்ல தண்ணீர்? உப்புத் தண்ணீர் கனம் கூடினது. மழைத் தண்ணீர் அதன் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும். இது கணக்கில் கண்டது. ஆனால் அதே கணக்கு திரும்பியும் அடிக்கும். இறைத்து இறைத்து ஓரடி குறைத்தால், நாளடைவில் உப்பு நாற்பது அடி மேலே ஏறி வரும். ஆகவே கடலோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் ஆழமாகப் போர் போட்டுப் பெரிய மோட்டார் வைப்பது தன் கிணற்றில் தானே உப்பைக் கொட்டுகிற மாதிரி. ஆழமில்லாத கிணறு இரண்டு மூன்று வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே நல்லது. மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும் என்பதால், உள்ளங்கையில் தேங்காய் வைத்து ஊற்றுப் பார்க்கிறவருக்கு இந்தப் பக்கம் தோல்வியே கிடையாது!

தியாகராய நகர் வேறு கதை. 1920-களில் ஒரு நீண்ட ஏரியை வற்றவைத்து எழுப்பிய பேட்டை அது. நுங்கம்பாக்கத்திலே டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர் மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. அந்தப் பக்கங்களில் களி அதிகம். களி தண்ணீரை நிறையக் குடிக்கும், விடாது. ஈரக் களியை உருட்டிப் பிழிந்து பாருங்க, கை நனையும், ஒரு சொட்டு விழாது. களிக்கு நடுவே மணல் படுகை அகப்பட்டால்தான் கிணறு ஊறும்.

கிண்டி, வேளச்சேரிப் பக்கம் போனால் கொஞ்ச ஆழத்திலேயே கரும்பாறை. சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரர் கல்லறையில் இருந்த கல்லை வைத்து 1893-இல் வந்த பெயர். கல் மட்டும் நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படிக் கடினப் பாறை நிலந்தான், ஆகவே உங்களில் பலருக்கு இதுதான் முக்கியம். மேலே மக்கின பாறை இருக்கும். ஈரம் அதிலே தங்கும். அதற்குக் கீழே வெடிப்பில் மட்டும் தண்ணீர். ஆழம் போகப் போக மேலிருக்கிற பாரம் வெடிப்பை நெருக்கிவிடும். பொதுவாக முந்நூறு அடிக்குக் கீழே வெடிப்பு குறைந்துகொண்டே போகும். சில இடத்தில் ஆயிரம் அடியில் கிடைப்பது உண்டு. அதை நம்பிக் கடன் வாங்குவது சூதாட்டம்.

போர் ஓடும்போது பத்தடிக்கு ஒரு பிடி தூளை எடுத்து, சாக்கு விரித்து வரிசையாக வையுங்க. பழுப்புத் தூள், துருக்கறை வந்தால் தண்ணீர் நடமாடின இடம். நீலச் சாம்பல் நிறத்தில் உலர்ந்த மாவாகவே நூறு அடிக்கு மேல் தொடர்ந்தால் நிறுத்தச் சொல்லுங்க. வண்டிக்காரர் முகம் வாடும், பரவாயில்லை. முன்கூட்டியே வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்டால், தரையில் மின்சாரம் பாய்ச்சி, எந்த ஆழத்தில் மக்கின பாறை முடிகிறது என்று கட்டணத்துக்குப் பார்த்துச் சொல்வார்கள்.

எடுத்ததைத் திரும்ப விடுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். 2003-இல் சென்னையில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்படியும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரிகளும் ஓடின. லாரிக்கு விற்கிறவர் தன் பாறை வெடிப்பு ஒரு மழைக்கு எத்தனை அடி நிரம்புகிறது என்று கயிறு விட்டு அளந்து வைத்துக்கொண்டு பேரம் பேசட்டும். வெடிப்பு ஒன்றுதான், பக்கத்து வயல்காரர் கிணறும் அதிலேயே ஊறுகிறது.