இறைவாக்கின் அண்மை (விவிலியம்)

இறைவாக்கின் அண்மை என்பது, கடவுளின் வாக்கு எட்டாத தொலைவில் இல்லை, நம்பிக்கை கொண்டோரின் வாயிலும் இதயத்திலும் உள்ளது என்னும் விவிலியக் கருத்து ஆகும். பழைய ஏற்பாட்டில் இணைச் சட்டம் (உபாகமம்) 30:11-14 பகுதியிலும், புதிய ஏற்பாட்டில் உரோமையர் (ரோமர்) 10:6-10 பகுதியிலும் இது இடம்பெறுகிறது. பிந்தைய பகுதி முந்தையதை எடுத்தாண்டு, அதற்குப் புதுப்பொருள் தருகிறது.

இணைச் சட்டத்தில்

யோர்தான் ஆற்றைக் கடக்கும் முன்னர், மோவாபு நாட்டில் மோசே இசுரயேல் மக்களுக்கு ஆற்றும் உரையில் இக்கருத்து வருகிறது. கட்டளையைக் கொண்டுவர எவரும் வானத்துக்கு ஏற வேண்டியதில்லை. கடலைக் கடக்கவும் வேண்டியதில்லை என்பது அவரது வாதம். வாக்கைக் குறிக்கும் 'தாபார்' என்னும் எபிரேயச் சொல்லுக்குச் செயல், பொருள் என்னும் பொருள்களும் உண்டு.

வாக்கு அருகில் இருப்பதன் நோக்கம் அதன்படி நடப்பதே என்று பகுதி முடிகிறது. எனவே இவ்வண்மை ஆறுதல் மட்டுமன்று. தெரியாது, இயலாது என்று சாக்குச் சொல்லும் வழியையும் அடைக்கிறது. அடுத்து வரும் வசனங்கள் வாழ்வையும் சாவையும் மக்கள்முன் வைத்து, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு வாய், இதயம் ஆகியவற்றுடன் கைகளையும் சேர்க்கிறது.

யூத விளக்கம்

பாபிலோனியத் தல்மூதில் (பாபா மெட்சியா 59ஆ) ஓர் அடுப்பின் தூய்மை பற்றிய விவாதம் உள்ளது. ரபி எலியேசரின் கருத்துக்கு ஆதரவாக வானிலிருந்து குரல் எழுந்தபோது, சட்டம் வானத்தில் இல்லை என்னும் இப்பகுதியின் கூற்றைக் கொண்டு ரபி யோசுவா அதை மறுக்கிறார். சட்டம் சீனாயில் மனிதரிடம் தரப்பட்டுவிட்டதால், தீர்ப்பு அறிஞர்களின் பெரும்பான்மையைச் சார்ந்தது என்பது இதன் விளக்கமாகும்.

உரோமையர் மடலில்

ஏறத்தாழ கி.பி. 57இல் எழுதப்பட்ட இம்மடலில் பவுல், கட்டளையின் இடத்தில் கிறித்துவை வைக்கிறார். வானத்துக்கு ஏறுவது கிறித்துவைக் கீழே கொண்டுவருவதாகவும், கடலைக் கடப்பது பாதாளத்தில் இறங்கி இறந்தோரிடமிருந்து அவரை மேலே கொண்டுவருவதாகவும் மாறுகின்றன. இரண்டும் தேவையில்லை, கடவுள் ஏற்கெனவே அவற்றைச் செய்துவிட்டார் என்பது கருத்து. அருகிலுள்ள வாக்கு, திருத்தூதர்கள் அறிவிக்கும் நம்பிக்கையின் செய்தியாகும். கடைப்பிடித்தல் பற்றிய சொற்களைப் பவுல் விட்டுவிட்டு, வாயால் அறிக்கையிடுவதையும் உள்ளத்தால் நம்புவதையும் கூறுகிறார்.

கருத்து வேறுபாடுகள்

பவுல் சட்டத்துக்கு எதிராக நம்பிக்கையை நிறுத்துகிறார் என்பர் சிலர். இதற்கு முந்தைய வசனத்தில் (10:5) லேவியர் 18:5 எடுத்தாளப்படுவதை அவர்கள் சுட்டுவர். வேறு சிலர், கடவுளே மக்களின் இதயத்தை விருத்தசேதனம் செய்வார் என்று இணைச் சட்டம் 30:6 கூறுவதால், அவ்வாக்குறுதி கிறித்துவில் நிறைவேறியதாகவே பவுல் காண்கிறார் என்பர்.

மொழிபெயர்ப்பும் அண்மையும்

கேளாமல் எவ்வாறு நம்புவது என்னும் வினாவை அதே அதிகாரம் (10:14) எழுப்புகிறது. வாக்கு வாயில் இருக்க வேண்டுமானால், அது பேசும் மொழியில் இருக்க வேண்டும். மார்ட்டின் லூதரின் செருமானிய புதிய ஏற்பாடு 1522இல் வெளிவந்தது. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-1715இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது. இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கொள்கைத் திரட்டு (1965), மறைநூல் நம்பிக்கை கொண்டோர் அனைவருக்கும் எளிதில் கிட்ட வேண்டும் என்று வலியுறுத்துகிறது.