புன்னகையுடன் ஒரு புகார்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய கல்லூரியின் மாணவர் விடுதிக்குக் காப்பாளராகவும் இருந்தேன். உணவுக்கூட வாசலில் ஒரு குறைப் பதிவேடு கிடக்கும். "சாம்பார் சரியில்லை", "சாம்பார் தண்ணீராக இருக்கிறது", "உடனடி நடவடிக்கை தேவை" என்று மாணவர்கள் வாரந்தோறும் எழுதுவார்கள். நானும் வாரந்தோறும் "பார்த்தேன்" என்று கையொப்பமிடுவேன். இரு தரப்பும் தத்தம் கடமையைத் தவறாமல் செய்துவந்தோம். சாம்பார் மட்டும் மாறவில்லை.

ஒரு நாள் பதிவேட்டில் இப்படியொரு அறிவிப்பைக் கண்டேன்: "காணவில்லை. பெயர்: துவரம் பருப்பு. நிறம்: மஞ்சள். கடைசியாகக் காணப்பட்டது: சென்ற பொங்கலன்று, நமது விடுதிச் சாம்பாரில். கண்டுபிடித்துத் தருவோருக்கு இரண்டு இட்லி சன்மானம்."

வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகு கையொப்பமிட்டுவிட்டு நகர மனம் வரவில்லை. நேரே சமையலறைக்குச் சென்று இருப்புப் பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். விடுதியில் 120 பேர் இருந்த காலத்தில் நிர்ணயித்த பருப்பின் அளவே, 190 பேர் ஆன பிறகும் தொடர்ந்துகொண்டிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் கணக்கைத் திருத்தவுமில்லை. தலா வருமானம் பற்றி வகுப்பறையில் மணிக்கணக்கில் பேசிய எனக்கு, தலா பருப்பு பற்றித் தெரியாமல் போயிற்று. மறுவாரமே அளவு உயர்ந்தது.

கோபமாக எழுதப்பட்ட பல குறிப்புகள் செய்யாததை, அந்த நான்கு வரிக் குறும்பு செய்தது. ஏன் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னைத் தொடர்கிறது.

புகார் எழுதுவது மனிதகுலத்தின் மிகப் பழைய பழக்கங்களுள் ஒன்று. இன்றைய இராக்கில் உள்ள ஊர் என்னும் தொல்நகரத்தில், சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன்பு நன்னி என்பவர், ஏயா-நாசிர் என்ற செம்பு வணிகருக்குக் களிமண் பலகையில் ஒரு கடிதம் அனுப்பினார். தரம் குறைந்த செம்பைத் தந்தீர்; நான் அனுப்பிய ஆளை அவமதித்தீர்; இனி என் முற்றத்தில் வைத்து நானே பார்த்துத் தேர்ந்தெடுப்பேன் என்பது அதன் சாரம். அந்தப் பலகை இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரக்கு கைமாறும் இடமெல்லாம் புகாரும் இருக்கும் என்பதற்கு அதைவிடப் பழைய சாட்சி தேவையில்லை.

நம் நாட்டிலும் புகழ்பெற்ற ஒரு கடிதம் உண்டு. 1909-ஆம் ஆண்டு ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, சாகிப்கஞ்ச் ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு அதை எழுதினார். பலாப்பழம் மிகுதியாகத் தின்றதால் வயிறு உப்பி, அகமதுபூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். அதற்குள் கார்டு ஊதல் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடியவர் இடறி விழ, நடைமேடையில் நின்ற ஆண், பெண் அனைவர் முன்னிலையிலும் மானம் போயிற்று, வண்டியும் போயிற்று. அந்த கார்டுக்குப் பெரும் அபராதம் விதிக்க வேண்டும், இல்லையேல் பத்திரிகைகளுக்கு எழுதுவேன் என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முடித்திருந்தார். அவர் சிரிக்க வைக்க எண்ணி எழுதவில்லை. ஆனால், படித்தவர் எவரும் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அக்கடிதமே காரணம் என்று சொல்வதுண்டு. ஒரு விளைவுக்கு ஒரே காரணம் என்று அடித்துச் சொல்ல என் துறை எனக்குக் கற்றுத்தரவில்லை. எனினும், தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகம் அதைப் போற்றிக் காட்சிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பல்லாயிரம் பேர் வாய்திறவாமல் பட்ட அவதியை ஒருவர் கூச்சத்தை விட்டு எழுதினார்.

பொருளியல் நோக்கில் புகார் என்பது ஒரு பொதுப் பண்டம். தெருவிளக்கைப் போல அதன் பயன் எல்லோருக்கும் கிடைக்கும். செலவு மட்டும் எழுதியவரின் தலையில் விழும். எனவே, "வேறு யாராவது எழுதட்டும்" என்று ஒவ்வொருவரும் காத்திருப்பது அறிவுக்குப் பொருத்தமானதாகவே தோன்றும். முடிவில் ஒருவரும் எழுதுவதில்லை. 1999-இல் மதுராவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ரயில் பயணச்சீட்டுக்கு 70 ரூபாய்க்குப் பதிலாக 90 ரூபாய் வாங்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட விசாரணைகள் நடந்து, 2022-இல் தீர்ப்பு வந்தது: 20 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தர வேண்டும், 15,000 ரூபாய் அபராதமும் செலுத்த வேண்டும். இருபது ரூபாய்க்காக இருபத்திரண்டு ஆண்டுகளா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர் செலவிட்ட நேரத்துக்கு ஈடான தொகை எந்தத் தீர்ப்பிலும் கிடைக்காது. அத்தகைய பிடிவாதம் எல்லோருக்கும் வாய்ப்பதுமில்லை.

இங்குதான் நகைச்சுவையின் பயன் தெரிகிறது. அது எழுதுபவருக்குக் கிடைக்கும் கூலி. கோபக் கடிதத்தை எழுதி முடிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். பதில் வராவிட்டால் இன்னும் ஏறும். நகைச்சுவைக் கடிதம் எழுதும்போதே ஓரளவு மனம் ஆறிவிடுகிறது. படிப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. நாளெல்லாம் வசவுகளைப் படிக்கும் ஊழியர், அடுத்த வசவைத் தற்காப்புடன்தான் திறப்பார். சிரிப்பு வந்தால் அந்தத் தற்காப்பு தளர்கிறது. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டுகிறார். அவர் மேலாளரிடம் காட்டுகிறார். கோபக் கடிதம் கோப்புக்குள் போகிறது. சிரிக்க வைக்கும் கடிதம் மேசை விட்டு மேசை போகிறது.

2008 டிசம்பரில் மும்பையிலிருந்து லண்டன் சென்ற வர்ஜின் அட்லாண்டிக் விமானத்தில் பயணி ஒருவர், தமக்குத் தரப்பட்ட உணவைத் தட்டுத் தட்டாகப் படம்பிடித்துக் கேலியாக வருணித்து, நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சனுக்கே கடிதம் அனுப்பினார். பிரான்சன் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். விமான உணவைத் தேர்வுசெய்வதில் உதவ வருமாறு நிறுவனம் அவரை அழைத்தது. கனடாவின் இசைக்கலைஞர் டேவ் கரோலின் கிட்டார், 2008-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் பயணத்தின்போது உடைந்தது. பல மாதங்கள் இழப்பீடு கேட்டு அலைந்து, முடியாது என்ற பதிலைப் பெற்றவர், 2009 ஜூலையில் அதையே வேடிக்கைப் பாட்டாக்கி யூடியூபில் வெளியிட்டார். கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்ட அந்தக் காணொளியைத் தன் பணியாளர் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள அந்நிறுவனமே விரும்பியது.

ஆனால், இவை வாய்ப்பும் திறமையும் உள்ளவர்களின் வெற்றிகள். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலொன்றில், தரம் குறையும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார். ஒன்று விலகிச் செல்வது. மற்றொன்று குரல் எழுப்புவது. நைஜீரிய ரயில்வேயைப் பார்த்து அவருக்கு எழுந்த ஐயமே அந்நூலுக்குத் தொடக்கம். சாலைப் போக்குவரத்தின் போட்டி வந்தும் ரயில்வே ஏன் திருந்தவில்லை? குரல் எழுப்பக்கூடிய வாடிக்கையாளர்கள் முதலில் விலகிவிட்டார்கள். எஞ்சியவர்களின் குரலுக்கு வலு இல்லை. இழப்பை ஈடுகட்ட அரசுப் பணம் இருந்தது.

நம் வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தபோது நாம் எத்தனை பேர் கடிதம் எழுதினோம்? இருபது லிட்டர் கேனுக்கு மாறிக்கொண்டோம். அரசுப் பள்ளியில் ஆசிரியர் போதவில்லை என்றபோது பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்தோம். எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிய பிறகு, அந்தக் குழாயடியிலும் அந்தப் பள்ளியிலும் எஞ்சியவர்கள் யார்?

இக்கேள்வி எனக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு என் ஓய்வூதியம் திடீரென நின்றுபோயிற்று. உரிய காலத்தில் உயிர்வாழ் சான்றிதழ் அளித்து ஒப்புகையும் பெற்றிருந்தேன். ஆயினும், சான்றிதழ் வரவில்லை என்று அலுவலகத்திலிருந்து என் பெயருக்கே கடிதம் வந்தது. பதில் எழுதினேன்: "ஐயா, தங்கள் பதிவேட்டின்படி நான் உயிருடன் இல்லையெனில், இக்கடிதத்தை யார் படிக்க வேண்டும் என்று அனுப்பினீர்கள் என அறிய விரும்புகிறேன். நான் உயிருடன் இருப்பதை என் மனைவி நாள்தோறும் பலமுறை உரத்த குரலில் உறுதிசெய்து வருகிறார். அவரது சாட்சியம் போதாதெனில், ஒப்புகைச் சீட்டின் நகலையும் இணைத்துள்ளேன். நிறுத்திய ஓய்வூதியத்தை இம்மாதமே விடுவிக்கக் கோருகிறேன்."

ஒரு வாரத்துக்குள் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசிய அலுவலர் சிரிப்பினூடே வருத்தம் தெரிவித்தார். ஒரு கட்டுச் சான்றிதழ்கள் கணினியில் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தனவாம். அதில் இருந்த வேறு சிலருக்கும் ஓய்வூதியம் நின்றிருந்தது. அவர்களுள் ஒருவர், எங்கள் கல்லூரியில் துப்புரவுப் பணியாற்றி மறைந்தவரின் மனைவி. மூன்று மாதங்களாக அதே அலுவலகத்துக்கு இரண்டு பேருந்து மாறி வந்து, சன்னலோரம் நின்று, "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலுடன் திரும்பியிருக்கிறார். அவர் நேரில் வந்து நின்றதே உயிர்வாழ்வதற்கான சான்று. அதை ஏற்க ஆளில்லை. என் நையாண்டியை ரசிக்க ஆள் இருந்தது. அவர் ஓய்வூதியமும் அம்மாதமே வந்துசேர்ந்தது என்றாலும், அன்று எனக்குப் பெருமையைவிட வெட்கமே மிகுந்திருந்தது.

ஆகவே, எழுதத் தெரிந்தவர்கள் எழுதுவது பொழுதுபோக்கு அன்று; கடமை. அதற்குச் சில நெறிகளும் உண்டு. கேலி எவ்வளவு இருந்தாலும் நாள், தொகை, ரசீது எண் ஆகியவை துல்லியமாக இருக்க வேண்டும். என் கடிதத்தில் வேலை செய்தது மனைவியின் சாட்சியம் மட்டுமன்று, ஒப்புகைச் சீட்டின் நகலும்தான். கோரிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். நையாண்டி விதியின் மீதும் நடைமுறையின் மீதும் பாய வேண்டுமேயன்றி, குறைந்த ஊதியத்துக்கு நம் வசவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் முகப்பு ஊழியரின் மீது பாயக் கூடாது. உயிர், உடல்நலம் தொடர்பான குறைகளுக்கு நகைச்சுவை உதவாது. அங்கு நேரடிச் சொல்லே தேவை.

சிரிப்புக்கு மசியாதவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கிக்கு எழுதி 30 நாள்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

நிறுவனங்களுக்கும் ஒரு சொல். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அடித்த பசு, படிவம் எதையும் நிரப்பவில்லை. கடவுச்சொல் கேட்கப்படவில்லை, "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்ற குரலும் கேட்கவில்லை. மணி ஒலித்ததும் அரசன் எழுந்து வந்தான். இன்று புகாரை முதலில் எதிர்கொள்வது தானியங்கிக் குரலும் முன்கூட்டியே எழுதிவைத்த பதிலும்தான். எந்திரத்துக்குச் சிரிப்பும் வராது, வெட்கமும் வராது. ஒவ்வொரு புகாரையும் ஒரு கட்டத்திலேனும் ஒரு மனிதர் படிக்க வேண்டும். அவருக்குத் தவறைத் திருத்தும் அதிகாரமும் இருக்க வேண்டும். செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுப்பதே ஆள்வோருக்கு அழகு என்பது வள்ளுவர் நமக்குச் சொல்லிச் சென்றது.

அடுத்த முறை ஏதேனும் ஒரு குறை கண்டு எரிச்சல் வரும்போது, விலகிச் செல்லும் முன் ஒரு கடிதம் எழுதுங்கள். முடிந்தால் படிப்பவர் சிரிக்கும்படி எழுதுங்கள். அதே குறையால் அவதியுற்று, அதே சன்னலோரம் பேசாமல் நிற்கும் ஒருவருக்காகவும் சேர்த்து எழுதுங்கள்.