பெண்கள் ஜீன்ஸ்: அளவறிந்து கொள்முதல் செய்வோம்

ஆயத்த ஆடையும் விற்கும் நம் வணிக நண்பர்களுக்குப் பெண்கள் ஜீன்ஸில் முதல் முடங்கக் காரணம், இடுப்பு அளவை மட்டும் பார்த்து வாங்குவதே. இடுப்பு 30 அங்குலமுள்ள இருவருக்கு, தையற்காரர் ‘சீட்’ என்னும் பின்புறச் சுற்றளவு ஒன்றாக இராது.

சீட் அகன்றவர்களுக்கு இடுப்பு உயர்ந்து, கால் நேராக இறங்கும் மாதிரி எடுப்பாக இருக்கும். வயிறு பருத்தவர்களுக்கு 2 சதவீதம் எலாஸ்டேன் கலந்த, இழுத்தால் நீளும் துணி வசதி. குட்டையானவர்களுக்கு அடர்நிறம் நல்லது. கால் நீளத்தைக் குறைத்துத் தைத்துத் தரவும் ஏற்பாடு வேண்டும்.

22.9.2025 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். எனவே குறைந்த விலைச் சரக்கே நமக்கு ஏற்றது. விற்காத அளவுகளை மாற்றித் தர மொத்த வியாபாரியிடம் முன்னதாகவே பேசிக்கொள்வோம்.