ஆன் ஷெர்லியும் ஓயாத வழக்கும்

கனடா நாட்டு எழுத்தாளர் லூசி மாட் மாண்ட்கோமரி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ என்ற நாவலில், பிரின்ஸ் எட்வர்டு தீவில் பண்ணை வைத்திருக்கும் மேத்யூ, மரில்லா என்ற திருமணமாகாத அண்ணனும் தங்கையும், வேலைக்கு ஒத்தாசையாக ஓர் ஆண் பிள்ளையை அனாதை இல்லத்திலிருந்து அனுப்பிவைக்கும்படி சொல்லி அனுப்ப, சொன்னது மாறிப்போய், பதினொரு வயதுச் செம்முடிச் சிறுமி ஒருத்தி வந்து இறங்குகிறாள். ஆன் ஷெர்லி என்ற அந்த வாயாடிச் சிறுமி, ஊமைப்படம், பேசும்படம், தொலைக்காட்சித் தொடர், அனிமேஷன் என்று நூறாண்டுகளுக்கும் மேலாகத் திரைக்கு அழைத்துவரப்பட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும், இவள் நாங்கள் படித்த ஆன் இல்லை என்று ஒரு சாராரும், இப்போதுதான் அவளுக்கு உயிர் வந்திருக்கிறது என்று மறு சாராரும் வழக்காடி வந்திருக்கின்றனர். தழுவல், அதாவது எழுத்தாக இருந்த ஒரு படைப்பை வேறோர் ஊடகத்தின் இயல்புக்கேற்ப மறுபடி ஆக்குவது, மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கிறது என்பதே வழக்கின் பொருள் என்று தோன்றும். ஆனால் பார்வையாளர்கள் எதை மன்னித்தார்கள், எதை மன்னிக்க மறுத்தார்கள் என்று கூர்ந்து பார்த்தால், நிகழ்ச்சிகள் மாறியதைவிட, நாவல் வாய் திறக்காத இடங்களில் திரை எவ்வளவு பேசலாம் என்பதே அவர்களை இரு கட்சியாக்கியிருப்பது விளங்கும்.

முதல் முறையீடு நூலாசிரியரிடமிருந்தே வந்தது. 1919இல் மேரி மைல்ஸ் மின்டர் நடிக்க, வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் இயக்கத்தில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஊமைப்படத்தில், கனடியப் பள்ளிக்கூடத்தின் மேல் அமெரிக்கக் கொடி பறந்ததும், கதாநாயகி திகட்டத் திகட்ட இனிப்பாக ஆக்கப்பட்டதும் மாண்ட்கோமரிக்குப் பொறுக்கவில்லை. அந்தப் படத்தின் பிரதி எதுவும் இன்று எஞ்சவில்லை என்பதால், அவருடைய கோபம் நியாயந்தானா என்று சரிபார்க்க வழியில்லை. 1934இல் வந்த பேசும்படத்தை அவர் அவ்வளவாகக் கடிந்துகொள்ளவில்லை. அதில் ஆனாக நடித்த இளம் நடிகை, அதுவரை டான் ஓடே என்று அறியப்பட்டவர், பாத்திரத்தின் பெயரையே தம் தொழில்பெயராக்கி, அதன்பின் ஆன் ஷெர்லி என்றே திரையில் விளங்கினார்.

இன்றைய பார்வையாளர்களில் பலர் எதை மூலம் என்று எண்ணி வாதிடுகிறார்களோ, அது பெரும்பாலும் 1908ஆம் ஆண்டின் நூல் அன்று. 1985 டிசம்பரில் கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பான, கெவின் சல்லிவன் இயக்கிய குறுந்தொடரே அது. மேகன் ஃபாலோஸ் ஆனாகவும், காலீன் டூஹர்ஸ்ட் மரில்லாவாகவும், ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வர்த் மேத்யூவாகவும் தோன்றிய அத்தொடர், ஒரு தலைமுறையின் மனத்தில் அந்த மூவரின் முகங்களை மாற்ற முடியாதபடி பதித்துவிட்டது. ஆனின் வகுப்புத் தோழன் கில்பர்ட் பிளைத்தாக நடித்த ஜோனதன் கிராம்பி 2015இல் மறைந்தபோது, அவரைத் திரையில் மட்டுமே அறிந்திருந்தவர்கள் பள்ளித் தோழன் ஒருவனைப் பறிகொடுத்தவர்களைப் போல வருந்தினர். ஆயினும் இத்தொடர் நூலை வரிக்கு வரி பின்பற்றியதன்று. நூலில், தம் சேமிப்பு முழுவதும் இருந்த வங்கி முறிந்த செய்தியைத் தாங்கிய நாளிதழைக் கையில் பிடித்தபடி மேத்யூ வீட்டு வாசலிலேயே சாய்ந்து உயிர்விடுகிறார். ஆண் பிள்ளைகள் எத்தனை பேர் வந்தாலும் ஆனுக்கு ஈடில்லை என்று அவர் சொல்வது அதற்கு முந்தைய மாலையில். தொடரிலோ அவர் வயலில் விழுகிறார். ஆன் ஓடிவந்து தாங்கிக்கொள்ள, அவள் மடியில் கிடந்தே அந்த அன்பைச் சொல்லி முடிக்கிறார். நூலில் அந்த அன்புச் சொல்லுக்கும் மரணத்துக்கும் இடையில் ஓர் இரவு முழுவதும் இருக்கிறது. அன்பைச் சொன்னவர் சாகப்போகிறார் என்று எவருக்கும் தெரியாத இரவு அது. அதை அழித்துவிட்ட தொடரின் மீது எவரும் பெரிதாக வழக்குத் தொடுக்கவில்லை என்பதோடு, அந்த வயற்காட்சியே நூலில் உள்ளது என்று நம்பி, பிறகு நூலைப் படிக்கும்போது ஏமாற்றமடைகிறவர்களும் உண்டு.

இந்த இடத்தில் நாவலின் ஒரு நுட்பத்தை விளக்குவது தேவையாகிறது. சிறுமியைத் திருப்பி அனுப்பிவிடும் எண்ணத்துடன் குதிரைவண்டியில் அழைத்துச் செல்லும் வழியில், மரில்லா அவளுடைய பழைய வாழ்க்கையைக் கேட்கிறாள். குடிகாரக் கணவனுடன் அல்லல்பட்ட திருமதி தாமஸ் வீட்டிலும், இரட்டைக் குழந்தைகள் மூன்று முறை பிறந்த திருமதி ஹாமண்ட் வீட்டிலும் பிள்ளை பார்க்கும் வேலைக்காரியாகவே வளர்ந்த ஆன், அவர்கள் நன்றாக நடத்தினார்களா என்ற கேள்விக்கு முகம் சிவந்து தடுமாறி, நல்லவர்களாக இருக்கவே அவர்கள் விரும்பியிருப்பார்கள் என்ற பொருளில் மழுப்புகிறாள். மரில்லா மேலும் கேட்பதில்லை. சொல்லப்படாததை அவள் ஊகித்துக்கொள்கிறாள். அவளோடு சேர்ந்து வாசகரும் ஊகிக்கிறார். மாண்ட்கோமரியின் உலகம் பூக்களும் கற்பனைப் பெயர்களும் மட்டுமே நிரம்பியது என்று கருதுவோர் இந்தப் பக்கங்களை விரைந்து கடந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

2017 முதல் 2019 வரை மூன்று பருவங்களாக வெளிவந்து, உலகின் பல நாடுகளில் ‘ஆன் வித் ஆன் ஈ’ என்ற பெயரில் நெட்ஃபிளிக்ஸ் வழியே பரவிய தொடர், அந்த மழுப்பலை ஏற்க மறுத்தது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான மொய்ரா வாலி-பெக்கெட், ஹாமண்ட் வீட்டு அடியையும் அனாதை இல்லத்துக் கொடுமையையும் நினைவுக்காட்சிகளாகக் கண்முன் நிறுத்தினார். ஏமி பெத் மெக்நல்டி நடித்த ஆன், கற்பனையில் மிதப்பது குறும்பினால் அல்ல, காயத்திலிருந்து தப்பிப்பதற்காக என்பது இதனால் வெளிப்படையாயிற்று. இளம் பார்வையாளர்கள் பலர் இதில் தங்களையே கண்டனர். 1985ஆம் ஆண்டுத் தொடரோடு வளர்ந்தவர்கள் பலர், ஓய்ந்த மாலையில் எடுத்துப் படிக்கும் நூலைப் பிடுங்கிக்கொண்டு நோயாளியின் குறிப்பேட்டைக் கையில் திணித்ததாகக் குறைப்பட்டனர்.

இரு தரப்பும் மோதுவதற்கு மிகப் பொருத்தமான இடம் செவ்வந்திக்கல் புரூச் காணாமற்போகும் நிகழ்ச்சி. நூலில், ஆன் திருடிவிட்டாள் என்று நம்பும் மரில்லா, உண்மையை ஒப்புக்கொள்ளும் வரை அறையிலேயே இருக்கும்படி சொல்லிவிட, சுற்றுலா விருந்துக்குப் போகும் ஆசையில் ஆன் ஒரு பொய் வாக்குமூலத்தை அலங்காரமாகத் தயாரித்து ஒப்பிக்கிறாள். பிறகு புரூச் மரில்லாவின் சால்வையிலேயே கோத்துக் கிடப்பது தெரியவர, மரில்லா தன் தவற்றை ஒப்புக்கொள்ள, சிறுமி விருந்துக்கு ஓடுகிறாள். இவ்வளவும் ஒரே அத்தியாயத்தில், பாதி சிரிப்போடு நடந்து முடிகிறது. 2017ஆம் ஆண்டுத் தொடரில் மரில்லா ஆன் ஷெர்லியை அனாதை இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறாள்; தவறு தெரிந்ததும் மேத்யூ அவளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். ஒரு குழந்தை எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் நூலின் அடியில் ஓடுவது உண்மைதான். அதை மேலே கொண்டுவந்ததற்காகத் தொடரைக் குறைகூறுவது எளிதன்று. ஆனால் மரில்லாவின் தவறு இவ்வளவு பெரிதாக்கப்பட்ட பின், அவள் மெல்ல மெல்ல இளகுவதற்கு இடமில்லாமற்போகிறது. முதல் பருவத்தின் தொடக்கத்திலேயே அவள் முற்றிலும் உடைந்தாக வேண்டியிருக்கிறது. இருள் மிகுந்துவிட்டது என்ற பரவலான புகாரைவிட, இந்த அவசரமே கனமான குற்றச்சாட்டு.

எல்லா மௌனங்களும் ஒரே வகையானவை அல்ல என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனின் பழைய துன்பங்களைப் பற்றிய மௌனம் ஆசிரியர் தெரிந்தே அமைத்தது. பிரின்ஸ் எட்வர்டு தீவின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களுக்கு நாவலில் ஏறத்தாழ இடமே இல்லாததும், பண்ணையில் கூலிக்கு வரும் ஜெர்ரி என்ற பிரெஞ்சுப் பையன் ஓரிரு இளக்காரமான சொற்களோடு கடந்துபோவதும் அந்தக் காலத்து வெள்ளையர் குடியிருப்பின் கண்ணுக்கு எட்டாதவை. புதிய தொடர் ஜெர்ரிக்கு ஒரு குடும்பத்தையும் பசியையும் தந்தது. டிரினிடாடிலிருந்து வரும் செபாஸ்டியனை கதை நடக்கும் அவான்லி ஊரில் குடியேற்றியது. மூன்றாம் பருவத்தில் காக்வெட் என்ற மிக்மாக் சிறுமியை, பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்களுடைய மொழியையும் வழக்கத்தையும் மறக்கடிக்க அரசும் திருச்சபைகளும் நடத்திய உறைவிடப் பள்ளி ஒன்றில் கொண்டு சேர்த்தது. இந்த வகையைச் சேர்ந்த ஒரே பள்ளி கனடாவின் மாரிடைம் மாகாணங்களில் திறக்கப்பட்டது 1930இல் என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடக்கும் கதையில் அது காலப்பிழையே. ஆயினும் அந்தப் பள்ளிகள் கனடாவில் இருந்தன, அவற்றிலிருந்து பல குழந்தைகள் திரும்பவேயில்லை என்பதில் பிழை ஏதுமில்லை. 2019 நவம்பரில் தொடர் நிறுத்தப்பட்டபோது, காக்வெட் பள்ளியிலிருந்து மீளாமலே கதை நின்றுபோயிற்று. ரசிகர்கள் டொரான்டோவிலும் நியூயார்க்கிலும் விளம்பரப் பலகைகள் வைக்கும் அளவுக்குக் கிளர்ச்சி செய்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

இந்தக் கூச்சல் எதிலும் சிக்காமல் ஒதுங்கி நிற்பது ஜப்பானியத் தழுவல். ஆன் ஷெர்லியை மிக அதிகமாகக் கொண்டாடிய நாடுகளில் ஜப்பான் ஒன்று. ஹனாகோ முராவோகாவின் மொழிபெயர்ப்பு 1952இல் வந்ததிலிருந்து அங்கே அவள் வீட்டுப்பிள்ளை. 1979இல் இசாவோ தகாஹாதா இயக்கிய ‘அககே நோ ஆன்’ என்ற அனிமேஷன் தொடர் ஐம்பது பகுதிகளைக் கொண்டது. காட்சியமைப்பில் பங்கேற்ற ஹயாவோ மியாசாகி பதினைந்து பகுதிகளோடு விலகிக்கொண்டார். 1934ஆம் ஆண்டுப் படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக ஓட, இத்தொடருக்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் கிடைத்தது என்பதால், ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வண்டிப் பயணத்தைக்கூட அவசரமின்றிக் காட்ட முடிந்தது. விசுவாசம் என்பது பல சமயம் வெறும் கால அவகாசமே என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அத்தொடரைத் தயாரித்த நிறுவனமே 2009இல், மாண்ட்கோமரியின் வாரிசுகளின் ஒப்புதலுடன் பட்ஜ் வில்சன் எழுதிய முன்கதை நாவலை எடுத்து, ஆன் தீவுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளை முப்பத்தொன்பது பகுதிகளில் சொன்னது. அதே ஆண்டுகளைத்தான் 2017ஆம் ஆண்டுக் கனடியத் தொடர் பின்னாளில் சில நிமிட நினைவுக்காட்சிகளில் சொல்லி வழக்கில் மாட்டிக்கொண்டது.

சல்லிவனின் ரசிகர்களே கைவிட்ட ஒரு படைப்பும் உண்டு. 2000இல் அவர் எடுத்த மூன்றாம் தொடர், ஆனும் கில்பர்ட்டும் முதல் உலகப் போரின்போது புதுமணத் தம்பதிகளாக இருப்பதாகக் கொண்டு, காணாமற்போன கணவனைத் தேடி அவளை ஐரோப்பியப் போர்முனைக்கு அனுப்பியது. மாண்ட்கோமரி தொடர்ந்து எழுதிய ஆன் நூல்வரிசையின்படி அப்போது அவள் நடுவயதைத் தொட்டவள். 1921இல் வெளியான ‘ரில்லா ஆஃப் இங்கிள்சைட்’ நாவலில் போருக்குப் போகிறவர்கள் அவளுடைய மகன்கள், அவர்களுள் வால்டர் திரும்புவதில்லை. காலக்கணக்கு பிசகியதே பார்வையாளர்களின் கோபத்துக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சல்லிவனின் 1987ஆம் ஆண்டு இரண்டாம் தொடரும் பல நூல்களைக் கலந்து கட்டியதுதான். அதை அவர்கள் விரும்பியே பார்த்தார்கள். அதில் கோபித்துக்கொள்ளவும் காத்திருக்கவும் வீட்டில் மரில்லா இருந்தாள். 1991இல் காலீன் டூஹர்ஸ்ட் காலமாகிவிட்டதால் மூன்றாவதில் அந்த இடம் காலியாகவே இருந்தது. போர்க்களம் எவ்வளவு பெரிதாக எடுக்கப்பட்டிருந்தும் அதை நிரப்ப முடியவில்லை.