கல்முனையும் புதிய நாடகங்களும்

நாடகத்தை எழுதுபவர் ஒருவர். அதனை மேடைக்குக் கொணர்பவர் இன்னொருவர். கண்டு களிப்பவர் பலர். இவர்களுக்கிடையே வேறொருவரும் உண்டு. சுவரொட்டியில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை. “இந்நாடகத்தைப் பாருங்கள், இப்பிரதியைப் படியுங்கள்” என்று முதன்முதலாகச் சொல்லுபவர் அவரே. புதிய நாடகமொன்றின் ஆயுள் பெரும்பாலும் அவருடைய சொல்லிலேயே தங்கியிருக்கின்றது. நாவலொன்று விற்பனையாகாது கடையிற் கிடந்தாலும், பத்தாண்டு கழித்து எவரேனும் எடுத்துப் படிக்க இடமுண்டு. நாடகத்தின் நிலை வேறு. இரண்டிரவு மேடையேறி, நடித்தவர்கள் தத்தம் தொழிலுக்குத் திரும்பி, கையெழுத்துப் பிரதியும் கறையானுக்கு இரையாகிவிட்டால், அந்நாடகம் எழுதப்படாததற்குச் சமமாகிவிடுகின்றது.

வானொலி நேயர்களுக்கு இது புதிய செய்தியன்று. சானா எனப்பட்ட சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’வையும், இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ தொடரையும் கேட்பதற்கென்று வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்த தலைமுறையினர் உண்டு. அக்காலத்தில் ஒலிபரப்பான நாடகங்களுள் நூலுருப் பெற்றவை சிலவே. எஞ்சியவை கேட்டவர்களின் நினைவிலே தங்கி, அந்நினைவோடு மறைந்து வருகின்றன.

இழப்பு இத்தகையதாயிருக்க, நாடகமொன்றைக் காப்பாற்றுவதற்குச் சிற்றூர் வாசகர்களால் என்ன செய்ய இயலும்? இவ்வினாவுக்குக் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரம் தந்த விடை அறியத்தக்கது.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் ஊர்கள் இவை. 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்திலும் அதன்பின் அம்பாறை மாவட்டத்திலும் அடங்கியவை. முஸ்லிம் ஊருக்கு அடுத்தது தமிழர் ஊர், அதற்கடுத்தது மீண்டும் முஸ்லிம் ஊர் என்று அமைந்த இக்கரையில், மருதமுனையின் தறியோசையும் பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் உற்சவ முழக்கமும் அயலயலே கேட்பவை. வயற்காவலிலும் வீட்டு முற்றத்திலும் ‘கவி’ பாடும் வழக்கம் முஸ்லிம் மக்களிடையே தொன்றுதொட்டு இருந்து வந்தது. ஒருவர் பாட மற்றவர் மறுமொழியாகப் பாடும் அக்கவிகளிலே நாடகத்தின் வித்து இருக்கிறது எனலாம். நிலையான நாடக அரங்கு எதுவும் இங்கே இருந்ததில்லை. பாடசாலை மண்டபமே அரங்கு.

நாடகத்தைப் பற்றிப் பேசுவதற்கு இக்கரைக்கு ஓர் உரிமையும் உண்டு. ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழர்க்கு எடுத்துக்காட்டி, தமிழ் நாடக இலக்கணத்தை வகுக்க முயன்ற ‘மதங்க சூளாமணி’யை இயற்றிய விபுலாநந்த அடிகள் 1892 இல் காரைதீவிலே பிறந்தவர். ஆனால் அடிகளார் போற்றியது மூன்று நூற்றாண்டுகளாக உலகம் ஒப்புக்கொண்ட ஒரு மேதையை. காலம் தீர்ப்புச் சொல்லிவிட்ட நாடகத்தைப் புகழ்வது எளிது. சென்ற மாதம் எழுதி முடித்த நாடகத்தை, அதுவும் தம்மோடு தேநீர் அருந்துகின்ற ஒருவரது நாடகத்தை, நன்றென்று ஊரறியச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். புகழ்பவர் நண்பராயின் நட்புக்காகப் புகழ்ந்தார் என்பர். அவரும் எழுதுபவராயின் கைம்மாறு கருதிப் புகழ்ந்தார் என்பர்.

மேல்நாட்டிலும் இத்துணிவு தேவைப்பட்டது. நோர்வே நாட்டு இப்சனின் நாடகங்களை இலண்டன் பத்திரிகைகள் பல தூற்றிக்கொண்டிருந்தபோது, பேர்னாட் ஷோ 1890 இல் அவற்றைப் பற்றி ஒரு சொற்பொழிவாற்றி, மறு ஆண்டில் அதனை நூலாகவும் விரித்து வெளியிட்டார். ஷோவின் முதல் நாடகம் மேடையேறியது 1892 இல். தாம் எழுதப்போகும் நாடகங்களுக்கும் அவர் முன்கூட்டியே வழி வெட்டிக்கொண்டார் என்று கூறுவாருளர். கூறினாற் குற்றமில்லை. தன்னலம் சிறிது கலந்திருந்தபோதும் அப்பரிந்துரை மெய்யானதே.

கல்முனைப் பகுதியில் இத்தகைய பேச்சுக்கு மையமாக விளங்கியவர் நீலாவணன். பெரியநீலாவணையிற் பிறந்து, ஆசிரியத் தொழில் பார்த்து, 1975 இல் மறைந்த இக்கவிஞர் கல்முனை எழுத்தாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர். ‘பாடும் மீன்’ என்ற சஞ்சிகையை நடத்தியவர். எம். ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம் முதலிய இளைஞர் பலர் அன்று இவ்வட்டாரத்தில் எழுத முற்பட்டனர். இவர்களுள் முஸ்லிம் யார், இந்து யார் என்று பிரித்துப் பார்க்க இலக்கியக் கூட்டத்தில் எவருக்கும் அவகாசமிருந்ததில்லை. நீலாவணன் ‘மழைக்கை’ என்றொரு பா நாடகமும் எழுதினார். மழைபோல் வழங்கும் கையையுடைய கர்ணனே அதற்குக் கரு. பாண்டிருப்பில் ஆண்டுதோறும் பாரதக்கதை கோயில் வீதியிலே நிகழ்த்தப்படுவதைக் கண்டு வளர்ந்த மக்களுக்கு அக்கர்ணன் அறிமுகமானவன். அவன் பேசிய தமிழ்தான் புதியது.

இதனினும் வியப்பானது 1970 இல் நிகழ்ந்தது. அவ்வாண்டில் ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தியின் ‘கோடை’ என்னும் பா நாடகம் நூலாக வெளிவந்தது. மஹாகவி யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்தவர். நாடகத்தின் களமும் யாழ்ப்பாணமே. கதை ஒரு நாதசுரக்காரர் வீட்டுக் கதை. அதனை வெளியிட்டதோ கல்முனை வாசகர் சங்கம். கோயில் நாயனத்தைப் பற்றிய வடபுலத்து நாடகமொன்றை, பள்ளிவாசல் மினாராக்கள் நிமிர்ந்து நிற்கும் கிழக்குக்கரை ஊரிலிருந்து வெளியிட்டவர்கள், அந்நாடகம் தங்களுக்கும் உரியது என்று கருதியவர்கள். இலங்கையில் எழுதியவரே கைப்பணம் போட்டுத் தம் நூலை அச்சிட்டு, தாமே சுமந்து விற்பதே பெருவழக்கு. அவ்வாறிருக்க, வேற்றூர்க் கவிஞர் ஒருவரின் நாடகத்தை வாசகர்கள் முன்வந்து வெளியிடுவது சொல்லளவில் நின்றுவிடாத பரிந்துரையாகும். நூல் வெளியீட்டு விழா மேடைகளிலே பேசுவோருட் சிலர் உள்ளே இருப்பதை விட்டு அட்டைப்படத்தையே மிகுதியும் புகழ்வது யாவரும் அறிந்ததே. பிழை திருத்தி, அச்சுக்கூடத்துக்கு நடந்து, படிகளைத் தபாலில் அனுப்பியவர்கள் நூலின் ஒவ்வொரு வரியையும் படித்தேயிருத்தல் வேண்டும்.

‘கோடை’ வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் நிகழ்வது. மகளை இசை கற்ற இளைஞனுக்குக் கொடுப்பதா, அரசாங்க உத்தியோகத்தனுக்குக் கொடுப்பதா என்பதே வீட்டிலுள்ள பிணக்கு. ஒரு திருமணப் பேச்சின் உள்ளே, ஒரு நாட்டின் கலை எவ்வாறு மதிப்பிழக்கின்றது என்னும் பெரிய வினாவை ஆசிரியர் வைத்துள்ளார். கதைப்போக்கை முற்பகுதியிலேயே ஓரளவு ஊகித்துவிடலாம் என்பது இதன் குறை. எனினும் பாத்திரங்கள் பேசுகின்ற பேச்சுக்காகவே இதனைப் படிக்கலாம்.

அப்பேச்சின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். பழைய மேடையிற் செய்யுள் என்றால் பாட்டு. நடிகர் பேச்சை நிறுத்திவிட்டு இராகத்தோடு பாடுவார். செய்யுளிலேயே உரையாடச் செய்த பிற்கால ஆசிரியர்களுட் பலர் இலக்கிய நடையைக் கைவிடவில்லை. மஹாகவியோ யாப்பை விடாமலே பேச்சோசையைப் பிடித்தார். விருத்தத்தின் நீண்ட அடியை ஏடுகளில் உள்ளவாறு ஒரே வரியாக அச்சிடாமல், பேசுபவர் மூச்சு விடுமிடத்திலே வரியை முறித்தார். கண்ணுக்கு உரைநடைபோலத் தோன்றும். காதுக்கு ஓசை தட்டுப்படும். அடுப்படியில் ஒரு தாய் கணவனைக் கடிந்துகொள்வதும் செய்யுளுக்குள் அடங்கிவிடும்; அது செய்யுள் என்பதைக் கேட்பவர் சிறிது நேரம் கழித்தே உணர்வார். கவிக்குப் பழகிய காதுகள் இதனை எளிதில் இனங்கண்டிருக்கும். இ. முருகையனும் இதே காலத்திற் பா நாடகத்தை வளர்த்தவர். அவருடைய ‘கடூழியம்’ கருத்துச் செறிவு மிக்கது. மஹாகவியினதைப்போல வீட்டுவாசனை வீசுவதன்று.

மஹாகவியின் மற்றொரு நாடகமான ‘புதியதொரு வீடு’ இக்கரையோரத்தாருக்கு இன்னும் நெருக்கமானது. கடலுக்குச் சென்ற மீனவன் திரும்பவில்லை. இறந்தான் என்றே ஊர் முடிவு செய்கிறது. அவன் மனைவியைத் தம்பி மணந்து, குடும்பம் மீண்டும் தழைக்கிறது. அதன்பின் ஒருநாள் அவன் வந்து நிற்கிறான். ஆங்கிலக் கவிஞர் தெனிசன் 1864 இல் வெளியிட்ட ‘ஈனொக் ஆர்டன்’ என்ற காவியத்திலும் இத்தகைய மீட்சி உண்டு. ஆயினும் மஹாகவியின் மூவரும் நம் நாட்டுக் கடற்கரையின் மக்கள். அவர்களுடைய சிக்கலும் அதைத் தீர்க்க முயலும் முறையும் அந்தக் குடிசைக்குள்ளேயே பிறந்தவை. முடிவை இங்கே கூறுவது முறையன்று. கரைவலை இழுக்கும் கல்முனை, சாய்ந்தமருது மக்களுக்கு, கடலைப் பார்த்துக் காத்திருத்தல் என்றால் யாது என்பதை எவரும் விளக்கவேண்டியதில்லை. 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்நாடகத்தைப் படிப்பவர்க்கு அதன் முதற் காட்சிகளே நெஞ்சை அடைத்துவிடும். அ. தாசீசியஸின் நெறியாள்கையில் இது மேடையேறியது. மஹாகவி 1971 இல் தமது 44 ஆவது வயதிலே காலமானார். நாடகங்கள் அவருக்குப் பின்னும் பேசப்பட்டமைக்குக் கல்முனை நண்பர்களின் இடையறாத முயற்சியும் ஒரு காரணம்.

அம்முயற்சி ஒருவரோடு நின்றுவிடவில்லை. நுஃமானும், மட்டக்களப்பைச் சேர்ந்த நாடகாசிரியர் சி. மௌனகுருவும், சித்திரலேகாவும் சேர்ந்து எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ என்னும் நூல் 1979 இல் வாசகர் சங்க வெளியீடாகவே வந்தது. அடுத்த ஆண்டிலே கொழும்பில் நடிகர் ஒன்றியத்தார் ‘நாடகம் நான்கு’ என்ற தொகுப்பை வெளியிட்டனர். மௌனகுருவின் ‘சங்காரம்’, தாசீசியஸின் ‘பொறுத்தது போதும்’, நா. சுந்தரலிங்கத்தின் ‘அபசுரம்’, இ. சிவானந்தனின் ‘காலம் சிவக்கிறது’ ஆகியன அதில் உள்ளன. சமகாலத்தவர் நால்வர் தம் நாடகங்களை ஓரட்டைக்குள் வைத்தமையே ஒருவர்க்கொருவர் கூறிய நற்சான்றாகும். ‘சங்காரம்’ கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் புதிய பொருளுக்கு உரியதாக்கியது. அதனைக் காண்பதே சிறப்பு, தாளில் அதன் அரக்கர்கள் சற்று வெறுமையாகத் தோன்றுவர். ‘பொறுத்தது போதும்’ சம்மாட்டியின் கீழ் உழலும் மீனவத் தொழிலாளரைப் பற்றியது. கரையோரப் பாடசாலையொன்றில் ஒரு நாடகம் தேடும் ஆசிரியர் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டியது இது.

ஆசிரியர்களின் இடர்ப்பாடும் கருதத்தக்கது. நாடகமும் அரங்கியலும் இன்று உயர்தர வகுப்பிலே ஒரு பாடம். தமிழ்த் தினப் போட்டிகளிலும் நாடகத்துக்கு இடமுண்டு. ஆனால் மேடைக்கேற்ற பிரதி கைக்கெட்டாமையால், அவசரத்தில் எழுதிய அறிவுரைக் கோவைகளே மீண்டும் மீண்டும் அரங்கேறுகின்றன. முஸ்லிம் ஊர்களிற் பெண்கள் பொதுமேடையில் நடிப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. பெண் பாத்திரம் முதன்மையான நாடகங்கள் அங்கே தள்ளிவைக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய கூத்தில் ஆடவரே பெண்வேடம் பூண்டு அவ்விடரைக் கடந்தனர். பா நாடகத்துக்கு வேறொரு வழியும் உண்டு. ஒப்பனையும் காட்சித்திரையும் இன்றி, நாலைந்து பேர் வட்டமாக அமர்ந்து, பாத்திரத்துக்கு ஒருவராகப் பகிர்ந்துகொண்டு உரக்கப் படிக்கலாம். வீட்டுக்குள்ளே தாயும் மகளும்கூட அவ்வாறு படிக்கலாம். வானொலி நாடகம் பல்லாண்டுகளாகச் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

அவ்வாறு படிக்கத் தொடங்குவோர் ‘புதியதொரு வீ’ட்டை முதலில் எடுப்பது நலம். கதையைத் தாங்கும் பாத்திரங்கள் மூன்றே, பேச்சு எளிது. ‘கோடை’க்கு இன்னும் சில குரல்கள் வேண்டும், தாயின் பகுதியைப் படிப்பவர் மூச்சடக்கத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும். ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிலே சேமித்துவரும் ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டம் 2005 முதல் இயங்கிவருவதால், கடைகளிற் கிடைக்காத பழைய நாடகப் பிரதிகளை அங்கே தேடிப் பார்க்கலாம். மேடையேற்ற விரும்புவோர் ஆசிரியரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இசைவு பெற்றுக்கொள்வது முறை.